வெட்டுகது யாரு

பேச்சிப்பாறை போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மைல் ஏறினால் எட்சன் முதலாளியின் ரப்பர் தோட்டம். பத்தொன்பது வருஷம் அங்கே பால் வெட்டியவன் குமாரதாஸ். மரத்தைச் சுற்றிச் சாய்வாக இறங்குகிற வெட்டில் தினமும் பட்டையை முடியளவு சீவ வேண்டும். சீவியது போதாமல் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனாலோ கத்தி பட்டைக்கு அடியிலிருக்கிற தடியைத் தொட்டுவிடும். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்தப் பக்கம் கத்தி வைக்கவே முடியாது. குமாரதாசின் மரங்களில் முண்டு கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் வெட்டுக்காரர்களைக் கூட்டிவந்து அவன் மரங்களைக் காட்டிப் போவார்கள். அந்தப் பெருமை அவன் நடையிலேயே இருந்தது. சபையில் அவன் கமிட்டி மெம்பர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில் காணிக்கைப் பை எடுக்க எழும்புகிறவர்களில் அவன்தான் முதல் ஆள்.

அவன் மனைவி பூங்கனியும் தினமும் கூடவே போவாள். அவனுக்கு ஒரு மரம் முன்னால் போய், முந்தின வெட்டில் நாடா மாதிரி உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பால் விழுகிற சிரட்டையைத் துடைத்து வைப்பாள். வெட்டு முடிந்து பால் வடிந்து நின்றதும் அதையெல்லாம் வாளியில் சேர்த்து, பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற கொட்டகைக்குச் சுமப்பாள். முதலாளி கூலி கொடுப்பது மரத்துக்கு இவ்வளவு என்று. அது வெட்டுகிறவன் பேரில். பூங்கனிக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. அவள் வேலை அவன் வேலையோடு சேர்ந்தது. அதை ஒரு ஏற்பாடு என்றுகூட யாரும் நினைத்ததில்லை.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கின வாரத்தில், ஓடையைக் கடக்கிற சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது குமாரதாசின் பைக் சறுக்கியது. வலது தோள்பட்டை உடைந்து, மார்த்தாண்டத்தில் பிளேட் வைத்தார்கள். கை இனி தோள் மட்டத்துக்கு ஏறாது, அழுத்தம் கொடுத்து எதையும் இழுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எட்சன் முதலாளி பார்க்க வந்தார். மோசமான மனிதரில்லை. ஆரஞ்சுப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டு, மழை விட்டால் மரம் சும்மா நிற்க முடியாதே, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார். மகள் பெபிஷா அப்போது நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். குமாரதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த பூங்கனி, ஒரு மாதம் நான் வெட்டிப் பார்க்கிறேன், ஒரு மரம் கெட்டாலும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள். கூலி எப்போதும்போல் குமாரதாஸ் பேரிலேயே வரட்டும் என்று முதலாளி சம்மதித்தார். அது குமாரதாசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவள் மரத்தைக் கெடுத்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். முதல் நாள் கையைக் கழுத்திலிருந்து தொங்குகிற துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனான், சொல்லிக்கொடுக்கலாமென்று. நாலாவது மரத்திலேயே சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துபோயிற்று. பத்தொன்பது வருஷம் தினமும் ஒட்டுப்பால் உரித்த விரலுக்கு ஒவ்வொரு மரத்தின் பட்டையும் எவ்வளவு கனம் என்று தெரிந்திருந்தது. அவன் தோள் பலத்தில் வெட்டியதை அவள் மணிக்கட்டால் வெட்டினாள். சீவல் வெங்காயத்தோல் மாதிரி விழுந்தது. புரட்டாசி முடியும்போது அதே மரங்களில் முன்னைவிடப் பால் கூடியிருந்தது. பட்டையும் குறைவாகத்தான் செலவாகியிருந்தது. முதலாளி கொட்டகையில் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

தொட்டிலைக் கழற்றியபிறகு குமாரதாஸ் இடது கையில் வாளி எடுத்தான். இப்போது அவள் வெட்டினாள், அவன் பால் சேர்த்தான். தோட்ட வேலைக்காரர்கள் கூடுகிற சந்திப்பு டீக்கடையில், வீட்டில் தலைப்பாகை யார் கட்டுகிறார்கள் என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், குமாரதாசும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஒருநாள் கீழ்ப்பாதையில் சபைக்காரர்கள் சிலர் ஜீப்பில் வருவது தெரிந்தது. அவன் பாதி நிறைந்த வாளியை ஒரு மரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டி, மரங்களை மேற்பார்வை பார்க்கிறவன்போல் நின்றான். ஜீப் போனதும் திரும்பினால், பூங்கனி இரண்டு மரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதம் அவள் ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள். கூலியைத் தன் பேரில் உள்ள பேங்க் கணக்கில் போடும்படி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றாள். சொல்லுகிறேன் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். பிறகு அவள் கேட்கவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் முதல் விளைச்சலைப் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுவைப்பது வழக்கம்: வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், ரப்பர் ஷீட். பூங்கனி வெட்டி, அவளே உருளையில் அடித்து, புகைபோட்டு உலர்த்தின பொன்னிற ஷீட் ஒன்றைக் குமாரதாஸ் கொண்டுபோனான். வாசலில் போதகர் அவன் தோளைத் தொட்டு, கை சரியாகிவிட்டதா என்று கேட்டார். "கர்த்தருக்க கிருபை" என்றான் குமாரதாஸ். பொய் என்று சொல்லிவிட முடியாத பதில். ஆனால் போதகர் பிரசங்கத்தில் அதை எடுத்துக்கொண்டார். உடைந்த கையைத் தேவன் திரும்பவும் உழைக்கும் கையாக்கினார், குடும்பத்துக்குத் தலையாக வைக்கப்பட்டவன் தளர்ந்துபோக அவர் விடவில்லை, இதோ சகோதரர் குமாரதாஸ் மறுபடியும் கத்தி எடுத்து வெட்டின முதல் ஷீட் என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கத்தில் பூங்கனி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். எழுந்து திருத்த வேண்டும் என்று குமாரதாசுக்குத் தோன்றாமலில்லை. ஆராதனை முடிந்து வெளியே போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கைகளுக்கு நடுவில் அந்தச் சொல் எங்கேயோ போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, சபைச் செயலர் பேபி ஒரு அதிகாரி அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். பேபிக்குச் சந்தையில் ஷீட் வாங்குகிற கடை. அந்த அம்மா பேர் சஜிதா. பால்வெட்டுப் பயிற்சி நிலையம் ஒன்றில் பொறுப்பாக இருந்தாள். இந்த வட்டாரத்தில் நன்றாக வெட்டுகிறவர் யார் என்று அவள் கடையில் விசாரிக்க, பேபி நேரே இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காலை எட்டு மணி இருக்கும். வெட்டு முடிந்து சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி ஊரில் இல்லை. சஜிதா பத்துப் பதினைந்து மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மரத்தில் வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் வெட்டுவது என்று கேட்டாள்.

"இன்னா நிக்காரு, நம்ம குமாரதாஸ்" என்றார் பேபி. கை உடைந்ததையும், சபையில் ஜெபித்ததையும், கத்தி எடுத்ததையும் சொன்னார்.

சஜிதா குமாரதாசைப் பார்த்தாள். கோணி நின்ற தோளைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பூங்கனி நின்றாள். விரலெல்லாம் பால் உறைந்து இன்னொரு தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

"நீங்களா வெட்டுறீங்க?"

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சிரட்டை நிறைகிற நேரம் இருந்ததுபோல் பிற்பாடு குமாரதாசுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. உண்மையில் ஒரு மூச்சுக்கூட இருந்திருக்காது. பேபி சிரித்த முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் அது பண்டிகை வரைக்கும் போகும், போதகர் வரைக்கும் போகும்.

"ஆமா மேடம். நான்தான் வெட்டுகேன்."

சஜிதா தலையாட்டினாள். பிறகு, பெண்களுக்கென்றே ஒரு பயிற்சி தொடங்கப்போகிறார்கள், வெட்டு சொல்லிக்கொடுக்கவும் ஒரு பெண்ணைத்தான் தேடுகிறார்கள், மாதச் சம்பளம் உண்டு, இந்த மரங்களை வெட்டினது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் தன் வேலை இன்றைக்கே முடிந்திருக்கும் என்று பொதுவாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் பூங்கனி மேல் இருந்தது. பூங்கனி குமாரதாசைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அவன் இப்போதாவது வாயைத் திறப்பான் என்று காத்திருக்கிற பார்வை. அவன் குனிந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழே, பேபியும் சஜிதாவும் வந்த ஜீப் புறப்படுகிற சத்தம் கேட்டது.

பூங்கனி சண்டை போடவில்லை. அன்றைக்குப் பாலைச் சேர்த்தாள், ஷீட் அடித்தாள், குழம்பு வைத்தாள். மறுநாள் விடியலில் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான வெட்டுகது. வெட்டுங்க."

இரண்டு நாள் அவள் வாளியோடு மட்டும் வந்தாள். இரண்டு நாளும் குமாரதாஸ் வெட்டிப் பார்த்தான். வலது கை பாதிவழியில் நின்றது. இடது கை சொன்னபடி கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு முண்டு விழாத மரங்களில் இருபது இருபத்தைந்து இடத்தில் தடி வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள், மரம் பாழாகிறது, பழையபடி நீயே வெட்டு என்று அவளிடம் கெஞ்சினான்.

"யாருக்க பேருல?" என்று கேட்டாள் அவள்.

உனக்க பேருல என்று அவன் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். முதலாளியிடம் போய் நிற்க வேண்டும், பேபியிடம் சொல்ல வேண்டும், டீக்கடையில் இன்னும் சிரிப்பார்கள், சபைக்குத் தெரியும் என்று அவன் மனம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வருவதற்குள் அவள் கத்தியைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். அந்த வாரமே முதலாளி அனிஷ் என்கிற இன்னொருவனுக்கு மரங்களைக் கொடுத்தார். பூங்கனி முந்திரி ஆலைக்குப் போனாள்.

ஆலை வேன் காலை ஏழு மணிக்குச் சந்திப்பில் வந்து பெண்களை ஏற்றிக்கொள்ளும். அங்கே அவளுக்குத் தன் பேரில் சம்பளச் சீட்டு, தன் பேரில் கணக்கு. வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை. முந்திரி எண்ணெய் பட்டு ஒரு மாதத்தில் விரல்கள் கறுத்து, நுனித்தோல் உரிந்தது. வீட்டுச் செலவுக்கு அவள்தான் கொடுத்தாள். பெபிஷாவுக்கும் அவளே அனுப்பினாள். குமாரதாசுக்கு பேபி தன் கடையில் ஷீட் நிறுத்துப்போடுகிற வேலை கொடுத்தார். சாயங்காலம் முதலில் வீடு வருகிறவன் அவன் என்பதால் அவனே அரிசி கழுவி உலை வைக்கப் பழகினான். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். உப்பு கூடியது, குறைந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. முன்பு எந்த மரத்தில் பால் குறைகிறது, எந்தச் சிரட்டையை எறும்பு பிடித்திருக்கிறது என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு வருகிறவள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. மரியாதையான பதில்தான்.

ஒருநாள் அவள் உறங்கும்போது அந்தக் கையை அவன் பார்த்தான். பால் கழுவினால் போய்விடும். இது போகிற கறுப்பு இல்லை.

வைகாசியில் அவன் பேபியிடம் லீவு சொல்லிவிட்டுப் பயிற்சி நிலையத்துக்கு பஸ் ஏறினான். சஜிதா அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெட்டினது நான் இல்லை, எனக்க வீட்டுக்காரி என்றான். சஜிதா ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றாள். "நீங்க வலது கையைத் தூக்கவே இல்ல. அவங்க விரல்ல பால் காஞ்சிருந்துச்சு. அதனாலதான் அவர் சொன்ன பிறகும் உங்ககிட்ட திரும்பக் கேட்டேன்."

 அப்படியானால் அவளிடமே கேட்டிருக்கலாமே என்றான் குமாரதாஸ். கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு என்றாள் சஜிதா. புருஷன் முன்னால் வைத்துக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்குமோ என்று பயந்து விட்டுவிட்டேன், அதை நினைத்து நானும் வருத்தப்பட்டிருக்கிறேன் என்றாள். வேலைக்கு அருமனைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை மூன்று வருஷத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவளும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் உங்கள் மரங்களில் கண்ட மாதிரிப் பட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை என்று சொல்லி, ஒரு காகிதத்தில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். கேள்வியைக் கேட்டபோது அவளுக்குப் பதில் தெரிந்தே இருந்தது என்பதுதான் பஸ்ஸில் வரும்போது அவனை அறுத்தது. அவன் பொய் சஜிதாவை ஏமாற்றியிருக்கவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றவும் இல்லை. பூங்கனியின் வேலையைப் பறித்ததைத் தவிர அது எதற்கும் பயன்படவில்லை.

காகிதத்தைப் பூங்கனியிடம் கொடுத்தான். அவள் வாசித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். கூப்பிட்டுப் பேசு என்றான். சரி என்றாள். பேசினதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் குமாரதாஸ் எழுந்தான். கமிட்டி மெம்பர்கள் சாட்சி சொல்வது அபூர்வம் என்பதால் எல்லாரும் திரும்பினார்கள். பண்டிகைக்குக் கொண்டுவந்த ஷீட் தன்னுடையதில்லை என்று தொடங்கி, வாளியை மறைத்தது, அதிகாரியிடம் சொன்ன பொய், கூலி யார் பேரில் வந்தது என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னான்.  கமிட்டியிலிருந்து விலகிக்கொள்ளுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தான். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

போதகர் பீடத்திலிருந்து இறங்கிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். மனைவிக்கு முன்பாகத் தன்னைத் தாழ்த்துகிற புருஷன்தான் உண்மையான ஆண்மகன் என்றார். இப்படிப்பட்ட ஒருவர்தான் கமிட்டிக்கு வேண்டும், விலகக்கூடாது என்று பேபி எழுந்து சொல்ல, சபை ஆமென் என்றது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்தபோது மறுபடியும் எல்லாரும் அவனுக்குத்தான் கை கொடுத்தார்கள். வாசலில் இரண்டு பெண்கள் பூங்கனியிடம், இப்படியொரு ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்வது அவன் காதில் விழுந்தது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் வெட்டைப் பற்றி, மரங்களைப் பற்றி, அந்தச் சீவல் எப்படி விழும் என்பதைப் பற்றி ஒருவர்கூட அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஏறுகிற வழியில் அவன் அவளோடு சேர்ந்து நடந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றான், அவள் கேட்டிருக்க மாட்டாள் என்பதுபோல.

"கேட்டேன், பெபிஷாக்க அப்பா" என்றாள் பூங்கனி. "நல்லாத்தான் சொன்னிய. ஆனா அதையும் நீங்கதான சொன்னிய. நான் சொல்லட்டா, நீ சொல்லுதியான்னு எனக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அவள் குரலில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் நின்றுவிட்டான். அவள் கொஞ்சம் தூரம் போய், அவன் வரட்டும் என்று நின்றாள். அவன் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நடந்தாள். பெபிஷா மதியத்துக்கு மீன்குழம்பு கேட்டிருக்கிறாள், லீவுக்கு வந்த பிள்ளை, சந்தையில் சாளை கிடைக்குமா பார்க்க வேண்டும் என்றாள்.

பிறகு ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குமாரதாஸ் கமிட்டியில்தான் இருக்கிறான். விட மாட்டேன் என்கிறார்கள். சபைச் சந்தா நோட்டில் பூங்கனி தன் பேரைத் தனி வரியில் எழுதக் கேட்டாள். குடும்பத்துக்கு ஒரு வரிதான் வழக்கம் என்று பேபி சொன்னபோது, குமாரதாஸ் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தான். அவளே எழுதினாள். அது ஒன்று நடந்தது. வாய்க்கு வராத ஒன்றைக் கையாவது செய்ததே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான். ஆனால் எட்சன் முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பியும் அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அனிஷ் வெட்டுகிறான், அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அவனை இறக்கிவிட்டு நான் ஏற மாட்டேன் என்றாள்.

மழைக்காலச் சாயங்காலங்களில் குமாரதாஸ் குடையோடு சந்திப்புக்குப் போய் நிற்பான். ஆறு மணிக்கு ஆலை வேன் வரும். கதவு திறக்கும் முன்பே உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்புக் கேட்கும். அந்தக் கூட்டத்தில் பூங்கனியின் சிரிப்பு தனியாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் கேட்ட அதே சிரிப்பு. அவள் இறங்குவாள், அவனைக் காண்பாள், சிரிப்பை முடித்துக்கொண்டு வந்து குடைக்குள் சேர்ந்துகொள்வாள். இன்றைக்கு வேனில் என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று கேட்க அவனுக்கு ஆசையாக இருக்கும். மழைச் சத்தத்தில் இருவரும் வீடு வரைக்கும் ஒன்றும் பேசாமல் நடப்பார்கள்.